முதியோர் சொல்லும் பூர்வகுடி ஓவியமும்

முதியோரை ஓம்புதல் என்பது அவர்க்கு உணவும் உடையும் உறையுளும் அளிப்பதோடு முடிந்துவிடுமென நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அவர்தம் சொல்லைச் செவிமடுத்தலும் அவ்வோம்புதலின் ஒரு பகுதியே என்பதை எளிதில் நினைப்பதில்லை. ஆஸ்திரேலிய நாட்டில் முதியோர்க்காகப் பரிந்து பேசுதலையே பணியாகக் கொண்ட சங்கங்கள் உள. அவை போற்றும் கொள்கைகளை அந்நாட்டுப் பூர்வகுடிகளின் ஓவியங்கள் எங்ஙனம் விளக்குகின்றன என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பரிந்து பேசுதலாவது யாது? முதியவர் ஒருவர் தமக்குக் கிடைக்கும் பராமரிப்பிற் குறை காணின், அவர் பக்கம் நின்று, அவர் விரும்பியதை விரும்பியவாறே உரியோர்க்கு எடுத்துரைத்தலாம். அவர்க்கு எது நலமெனத் தாமே முடிவு செய்தல் இப்பணியன்று. இதன் தேவையை அந்நாடு வருந்திக் கற்றது. 2018-ஆம் ஆண்டில் நியமிக்கப்பெற்ற ராயல் கமிஷன், முதியோர் பராமரிப்பின் நிலையை ஆராய்ந்து, 2019-இல் வெளியிட்ட இடைக்கால அறிக்கைக்குப் ‘புறக்கணிப்பு’ என்றே பெயரிட்டது. 2021-இல் வந்த இறுதி அறிக்கை 148 பரிந்துரைகளைக் கூறிற்று. முதியோர் உரிமைகளை வகுத்துரைக்கும் புதிய சட்டம் 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

பூர்வகுடி முதியோர் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. இருபதாம் நூற்றாண்டில் 1970 வரையிலும் சர்க்காரின் கொள்கையால் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு விடுதிகளில் வளர்க்கப்பட்ட பிள்ளைகள் பலர். அப்பிள்ளைகளே இன்று முதியோர். இளமையில் தம்மைச் சிறைப்படுத்திய விடுதியை முதுமைக்கால இல்லத்திலும் அவர்கள் மீண்டும் காண அஞ்சுதல் இயல்பன்றோ? அவர்பால் நம்பிக்கை பெற விரும்புவோர், முதலில் அவர்தம் மொழியை, அஃதாவது ஓவியத்தையும் உள்ளிட்ட மொழியை, அறிதல் வேண்டும்.

1971-ஆம் ஆண்டில், நடு ஆஸ்திரேலியாவிலுள்ள பபுன்யா என்னும் ஊரில், ஜெஃப்ரி பார்டன் என்னும் ஆசிரியர் ஊக்கமளிக்க, பெரியோர் சிலர் பள்ளிச் சுவரில் தேனெறும்பின் கதையைத் தீட்டினர். மறு ஆண்டிலேயே அவ்வூர் ஓவியர்கள் தமக்கென ஒரு சங்கம் நிறுவினர். இம்மரபில், குதிரை லாடம் போன்ற வளைவு, மணலில் அமர்ந்த மனிதர் விட்டுச்சென்ற தடத்தைக் குறிப்பது. ஒன்றனுள் ஒன்றாய் அமைந்த வட்டங்கள் நீர்நிலையையோ கூடுமிடத்தையோ குறிப்பன, கோடுகள் வழிகளாம். வட்டத்தைச் சூழ வளைவுகள் அமைந்த ஓவியத்தை நோக்குங்கால், யாவரும் ஒரே நிலத்தில் அமர்ந்திருத்தலைக் காண்கின்றோம். பரிந்து பேசுவோன் முதியவர்க்கு முன்னே நில்லாது அருகே அமர்தல் வேண்டுமென்பதற்கு இதனினும் ஏற்ற சித்திரம் யாது?

மற்றொன்றும் உண்டு. தொடக்கத்தில் வரையப்பெற்ற சில ஓவியங்கள், பிறர் காணத்தகாத மறைபொருள்களை வெளிப்படுத்தின எனப் பூர்வகுடியினரிடையே எதிர்ப்பு எழுந்தது. பின்னர் ஓவியர்கள் அவற்றை நீக்கினர். அல்லது புள்ளிகளால் மறைத்தனர். எதனைச் சொல்லுவது, எதனைக் காப்பது என்பது உரியவர் உரிமையே. முதியவர் நம்பிச் சொன்னதை அவர் இசைவின்றி வெளியிடாமையும் இவ்வறமேயாம்.

இனி 1963-ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்றைக் காண்போம். இர்கலா என்னுமிடத்தில் யோல்ஙு மக்களின் நிலம், அவர்தம் இசைவின்றி, பாக்சைட் சுரங்கத்திற்கென ஒதுக்கப்பட்டது. அவர்கள் தம் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டெழுத்திட்ட விண்ணப்பத்தை மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் குல ஓவியங்களைத் தீட்டிப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினர். கையெழுத்திட்டோர் 12 பேர். அவர்கள் இளைஞரென ஐயம் கிளப்பப்பட்டபோது, பெரியோர் தம் பெருவிரல் ரேகையைப் பதித்து மீண்டும் அனுப்பினர். எழுத்தறிந்த இளையோர் கை கொடுக்க, பெரியோரின் சொல் பாராளுமன்றம் சென்றது. சுரங்கம் நின்றதில்லை, 1971-இல் வழக்கும் தோற்றது. ஆயினும் அம்முயற்சி வித்தாகி, வட ஆட்சிப்பகுதியில் 1976-ஆம் ஆண்டின் நிலவுரிமைச் சட்டத்திற்கு வழி செய்தது.

ஆகவே, சமமாக அமர்தல், மறை காத்தல், பெரியோர் கருத்தை மாற்றாது கொண்டு சேர்த்தல் என்னும் மூன்றும் இவ்வோவியங்களால் நாம் பெறும் பாடங்களாம். எழுத்தறிந்த மாணவராகிய நமக்கு மூன்றாவது பாடம் சிறப்பாக உரியது. நம் வீட்டு முதியோர்க்காக ஒரு விண்ணப்பம் எழுதுங்கால், முதலில் அவர் அருகே அமர்ந்து, அவர் விரும்புவது யாதெனக் கேட்போமாக.