கம்பியாள் தேர்வும் கட்டளைகளும்



மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுத, ஒயரிங் தொழிலில் 5 ஆண்டு அனுபவம் வேண்டும். இரண்டே ஆண்டு வேலை பார்த்த தென்காசி வாலிபனுக்கு ஐந்து என்று எழுதிக் கையொப்பமிடுவது தர்மமா?

அன்று, பொய்ச்சாட்சி. எட்டாம் கட்டளைக்கு விரோதமான பாவம்.

தீங்கு அத்தோடு நிற்குமா?

நிற்காது. சாரல் காலத்தில் குற்றாலத்து விடுதிச் சுவர்கள் ஈரமாயிருக்கும். அங்கே வெந்நீர் ஹீட்டருக்கு அவன் எர்த் கம்பி இணைக்காது விட்டால், கசியும் மின்சாரம் குளிப்பவர் உடல் வழியே பாயும். அப்போது ஐந்தாம் கட்டளையும் மீறப்படுகிறது, கையொப்பமிட்டவரும் பங்காளி.

பாவசங்கீர்த்தனம் மட்டும் போதுமா?

போதாது. பொய்ச் சான்றைத் திரும்பப் பெற்று, அவன் செய்த வேலைகளைத் தேர்ந்தவரைக்கொண்டு சோதித்துச் செப்பனிட வேண்டும். இதுவே பரிகாரம்.