எந்த மேசையில் அமர்த்துவது?

கிள்ளான் துறைமுகத்துக்கு அருகில் உள்ள பண்டமாரானில் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் அண்டை அயலாராக வாழ்கின்றனர். இங்கே ஒரு தமிழர் வீட்டுத் திருமணம் என்றால், பெரும்பாலும் காலையில் கோயிலில் தாலி கட்டும் சடங்கும் வாழையிலையில் சைவ உணவும் இருக்கும். மாலையில் மண்டபத்தில் விருந்துபசரிப்பு நடைபெறும். உறவினர்கள், உடன் பணிபுரிவோர், பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்தினர், மலாய் நண்பர்கள் என அனைவரும் வட்ட மேசைகளைச் சுற்றி அமர்வர். மேசைக்குப் பத்துப் பேர் என்பது நம் நாட்டு மண்டபங்களின் வழக்கமான கணக்கு. 500 பேரை அழைத்தால் 50 மேசைகள்.

யாரை எங்கே அமர்த்துவது என்று திட்டமிடும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் சில செய்திகளை மறப்பதே இல்லை. சைவம் உண்போருக்குத் தனி மேசை. மாட்டிறைச்சி அறவே கூடாது. முஸ்லிம் நண்பர்களுக்கு ஹலால் உணவு. நீரிழிவு உள்ள தாத்தாவுக்குச் சீனியில்லாத தேநீர். இவ்வளவு கவனமாக இருக்கும் வீடுகளில்கூட, “உங்களுக்கு ஏதேனும் உணவு ஒவ்வாமை உண்டா?” என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. கேட்காமல் விட்டால் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தாக முடியக்கூடிய கேள்வி அதுதான்.

ஒவ்வாமை என்பது உணவின் மீதான வெறுப்பு அன்று. வெறும் செரிமானக் கோளாறும் அன்று. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம், உணவில் உள்ள ஒரு புரதத்தைப் பகையாகக் கருதித் தாக்குவதால் ஏற்படும் விளைவு அது. தோலில் தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி ஆகியவை தோன்றலாம். நிலைமை கடுமையானால் தொண்டை இறுகும், மூச்சு திணறும், இரத்த அழுத்தம் சரியும். பால் குடித்தால் வயிறு உப்பும் சிலரின் சிக்கல் வேறு வகையைச் சேர்ந்தது. பிடிக்காத கத்தரிக்காயைக்கூட ‘அலர்ஜி’ என்று சொல்லித் தட்டிக் கழிப்போர் நம்மிடையே உண்டு. அவர்களால் பாதிக்கப்படுவோர் உண்மையான ஒவ்வாமை உள்ளவர்களே. அடிக்கடி இச்சொல்லைக் கேட்டுப் பழகிய சமையல்காரர், உண்மையான எச்சரிக்கையையும் சாக்குப்போக்காக எண்ணிவிடுவார்.

மலேசியாவில் பெரியவர்களிடையே அடிக்கடி ஒவ்வாமை தரும் உணவுகளுள் இறால், நண்டு ஆகியவை முன்னிற்கின்றன. இவற்றிலுள்ள ட்ரோபோமயோசின் என்னும் புரதம் வெப்பத்தைத் தாங்கக்கூடியது. ஆகவே, “நன்றாக வெந்துவிட்டது, பயமில்லாமல் சாப்பிடுங்கள்” என்று சொல்வதில் பொருளில்லை. கடலோர ஊரான கிள்ளானில் இறால் சம்பால் இல்லாத விருந்தைக் காண்பது அரிது. தட்டில் கிடக்கும் இறாலைக் கண்டு ஒதுக்கிவிடலாம்; சம்பாலில் கரைந்துவிட்ட பெலாச்சானை எப்படி ஒதுக்குவது? சிறு இறால்களை உப்பிட்டு, உலர்த்தி, அரைத்துச் செய்யப்படுவதே பெலாச்சான். கங்கோங் கீரைப் பிரட்டலிலும் அது கலந்திருக்கலாம்.

“அப்படியானால் சைவ மேசையில் அமர்த்திவிடுவோம்” என்று பலரும் எண்ணுவர். விருந்துத் திட்டத்தில் நிகழும் பெரிய தவறு இதுவே. சைவ உணவு என்பது ஒவ்வாமை இல்லாத உணவு ஆகாது. குருமாவைக் கெட்டியாக்க முந்திரிப் பருப்பை அரைத்து ஊற்றுவர். பிரியாணியிலும் பாயசத்திலும் நெய்யில் பொரித்த முந்திரி மிதக்கும். கடைகளில் விற்கும் சைவ இறைச்சி பெரும்பாலும் சோயாவாலும் கோதுமைப் புரதத்தாலும் ஆனது. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலக்கப்படுவதைப் பலர் அறிவதில்லை. அதனால் சாம்பாரும் இரசமும்கூடக் கோதுமை ஒவ்வாமை உள்ளவருக்குச் சிக்கலாகலாம். இறால் பொரித்த எண்ணெயிலேயே அப்பளத்தையும் பொரித்தால் சைவ மேசைக்கும் இறால் வந்து சேர்ந்துவிடும்.

எனவே, மேசைத் திட்டத்தை இரண்டு வினாக்களோடு தொடங்க வேண்டும். யாருக்கு எது ஒவ்வாது? அதை உண்டால் அவருக்கு என்ன நேரும்? அழைப்பிதழோடு அனுப்பும் புலனச் செய்தியிலேயே இவற்றைக் கேட்டுவிடலாம். விடை கிடைத்ததும் அவரைத் தனி மூலைக்கு அனுப்பிவிடக் கூடாது. நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பத்து வயதுச் சிறுவனை அவனுடைய அம்மாவிடமிருந்து பிரித்து அமர்த்தினால், அவனைக் கண்காணிக்கத் தெரிந்த ஒரே ஆள் எட்ட இருப்பார். அவன் தன் குடும்பத்தோடுதான் அமர வேண்டும். மாற்ற வேண்டியது மேசையின் இடம். சமையலறை வாயிலுக்கு அருகில், பரிமாறுவோர் எளிதில் வந்துபோகும் பாதையோரத்தில் அம்மேசையை அமைப்பது நன்று. அவனுடைய தட்டு சமையலறையிலிருந்து தனியே மூடி வர வேண்டும். வட்ட மேசையின் நடுவில் பொதுவாக வைக்கப்படும் உணவு வகைகளில் ஒரே கரண்டி சம்பாலிலிருந்து சோற்றுக்கும், சோற்றிலிருந்து குருமாவுக்கும் பயணம் செய்யும். தானே எடுத்துண்ணும் விருந்தாக இருந்தால், வரிசை தொடங்குவதற்கு முன்பே அவனுக்கு வேண்டியதை எடுத்துக் கொடுத்துவிடலாம். மேசை எண், இருக்கை, ஒவ்வாத பொருள் ஆகிய மூன்றும் எழுதிய தாள் ஒன்று தலைமைச் சமையல்காரரிடமும், மற்றொன்று பரிமாறுவோரின் மேற்பார்வையாளரிடமும் இருக்க வேண்டும். மணமக்களின் கைப்பேசியில் மட்டும் அது இருந்து என்ன பயன்? அந்நேரத்தில் அவர்கள் மேடையில் புகைப்படத்துக்கு நின்றுகொண்டிருப்பார்கள்.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். நம் நாட்டின் 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குவிதிகள், பொட்டலமிட்ட உணவில் கோதுமை, நிலக்கடலை, சோயா, மீன், பால், முட்டை போன்றவை இருந்தால் அதைச் சிட்டையில் குறிப்பிட வேண்டும் என்கின்றன. ஆனால், மண்டபத்துக்கு வரும் குருமாப் பானையில் சிட்டை ஏது? பிரிட்டனில் 2016ஆம் ஆண்டு நத்தாஷா எட்னன்-லப்பரூஸ் என்னும் 15 வயதுச் சிறுமி, மாவோடு எள் கலந்து சுடப்பட்ட ரொட்டியை விமான நிலையத்தில் வாங்கி உண்டு உயிரிழந்தாள். அதன் உறையில் எள் பற்றிய குறிப்பு இல்லை. அவளுடைய பெற்றோரின் இடைவிடாத முயற்சியால், கடையிலேயே செய்து பொட்டலமிடும் உணவுகளுக்கும் முழுப் பொருள் பட்டியல் வேண்டும் என்னும் சட்டம் 2021 அக்டோபர் முதல் நாள் அங்கே நடப்புக்கு வந்தது. நம் விருந்தில் அந்தச் சிட்டையின் வேலையை மேசைத் திட்டம்தான் செய்ய வேண்டியுள்ளது.

நம் உபசரிப்பு முறையிலேயே ஓர் இடர் ஒளிந்திருக்கிறது. “என்ன தம்பி, இவ்வளவுதானா? ஒரு கரண்டி போட்டுக்கோ, ஒன்றும் ஆகாது” என்று அத்தை அன்போடு இலையில் வைத்துவிடுவார். மறுத்தால் வருத்தப்படுவார். விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரத்தை ஒதுக்கிய திருவள்ளுவர், மருந்து என்னும் அதிகாரத்தில் உடலோடு மாறுபடாத உணவை உண்பதைப் பற்றியும் பேசுகிறார். மறுப்பவரிடம் காரணம் கேட்டு வற்புறுத்தாமல், “வேறு என்ன கொண்டுவரட்டும்?” என்று கேட்கும் அத்தையும் விருந்தோம்பத் தெரிந்தவர்தான்.

எவ்வளவு திட்டமிட்டாலும் தவறு நேரலாம். உண்ட சிறிது நேரத்தில் ஒருவருக்கு மூச்சுத் திணறலோ மயக்கமோ ஏற்பட்டால், அவரிடம் அட்ரினலின் ஊசி இருப்பின் அதைத் தொடையின் வெளிப்புறத்தில் உடனே செலுத்த வேண்டும். ஒவ்வாமை மாத்திரை அதற்கு ஈடாகாது. அவரை நடக்கவிடாமல், படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்த வேண்டும். மூச்சு விடச் சிரமப்பட்டால் உட்காரவைக்கலாம். தாமதமின்றி 999 எண்ணுக்கு அழைக்க வேண்டும். பண்டமாரான் மக்களுக்குக் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை அருகில்தான் உள்ளது. இருப்பினும், வெளியே வழிமறித்து நிறுத்தப்பட்ட வாகனங்களுக்கிடையே மருத்துவ வண்டி எப்படி நுழையும் என்பதையும் வீட்டார் முன்னதாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

சமையலறையில் செய்யக்கூடிய மாற்றங்கள் பல மிக எளியவை. பாயசத்தையே எடுத்துக்கொள்வோம். முந்திரியைப் பொரித்துக் கொட்டுவதற்கு முன்பே சுத்தமான கரண்டியால் ஒரு சிறு பாத்திரத்தில் அதை எடுத்து மூடி, மேல் மேசை எண்ணை ஒட்டி வைத்தால், முந்திரி ஒவ்வாத சிறுமியும் மற்றவர்களோடு சேர்ந்து பாயசம் குடிப்பாள்.