ஒரே லைன், மூன்று மாடல்: எது முன், எது பின்?

கேள்வி: கார் தொழிற்சாலையில் ஒரே அசெம்பிளி லைனில் பல மாடல்கள் கலந்து வருகின்றனவே, அந்த வரிசையை எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

பதில்: ஜப்பானின் டொயோட்டா வளர்த்தெடுத்த ‘ஜஸ்ட் இன் டைம்’ முறையில் உதிரிபாகங்களைக் குவித்து வைப்பதில்லை, தேவையான நேரத்தில் தேவையான அளவே லைனுக்கு வரும். ஏ மாடலை மொத்தமாக முடித்துவிட்டு பி-யைத் தொடங்கினால், ஏ-க்குரிய பாகம் செய்யும் பிரிவு காலையில் திணறும், மாலையில் சும்மா இருக்கும். ஆகவே ஒவ்வொரு பாகமும் சீரான வேகத்தில் செலவாகும்படி மாடல்களைக் கலக்கிறார்கள். இதற்கு ‘ஹெய்ஜுன்கா’ என்று பெயர்.

8 கார்களில் ஏ 4, பி 2, சி 2 என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு இடத்திலும், அதுவரை செலவாகியிருக்க வேண்டிய அளவுக்கும் உண்மையில் செலவான அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை மிகக் குறைவாக்கும் மாடல் தேர்வாகும். அப்படிக் கணக்கிட்டால் ஏ-பி-சி-ஏ, ஏ-பி-சி-ஏ என வரிசை அமையும். யாசுஹிரோ மோண்டென் 1983-இல் வெளியிட்ட நூல் இந்த ‘இலக்கைத் துரத்தும்’ முறையை விளக்குகிறது.

வேலைப்பளுவும் முக்கியம். ஒரு காருக்கு 60 விநாடி ஒதுக்கிய இடத்தில், சன்ரூஃப் உள்ள காருக்கு 70 விநாடியும் மற்றதற்கு 50 விநாடியும் ஆகலாம். சன்ரூஃப் கார்கள் அடுத்தடுத்து வந்தால் தொழிலாளி பின்தங்கி, லைனை நிறுத்த நேரிடும். மாறி மாறி வந்தால் கணக்கு நேராகிவிடும்.

மாடல் மாற்றத்துக்கு ஆகும் நேரம் மிகக் குறைவாக இருந்தால்தான் இவையெல்லாம் சாத்தியம்.