கட்டுநாயக்காவிலிருந்து ரொறன்ரோ: பயண நேரத்தை நீங்களே கணக்கிடலாம்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கனடாவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் ஏராளம். கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமானம் இல்லை. டிக்கெட் முகவர் காட்டும் பயணங்களில் எது குறுகியது என்று பார்க்கும் வழி இது.

1. நேர்த்தூரத்தைப் பாருங்கள்
தட்டையான உலகப்படத்தை நம்பாமல், பூகோள உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூல் வடக்கே ஏறி, ஆர்க்டிக் கடலைத் தொட்டு, கிறீன்லாந்துக்கு மேலாக இறங்கும். அந்தத் தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர்.

2. இடைத்தரிப்பைச் சேருங்கள்
டுபாய் வழி: 3,290 + 11,080 = 14,370 கி.மீ.
லண்டன் வழி: 8,710 + 5,710 = 14,420 கி.மீ.
இரண்டுக்கும் வித்தியாசம் 50 கிலோமீற்றர்தான். ஆகவே தூரத்தை வைத்து வழியைத் தெரிவு செய்ய வேண்டாம்.

3. பறக்கும் நேரம்
தூரத்தை 850ஆல் வகுத்து, ஏறி இறங்க அரை மணித்தியாலம் கூட்டுங்கள். டுபாய்க்கு சுமார் நாலரை மணித்தியாலம் வரும். டுபாயிலிருந்து ரொறன்ரோவுக்குக் கணக்கில் பதின்மூன்றரை. மேற்கே போகும்போது எதிர்க்காற்று இருப்பதால் 14 என்று வையுங்கள். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும், நேரம் குறையும்.

4. எல்லாவற்றையும் கொழும்பு நேரத்துக்கு மாற்றுங்கள்
டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். டுபாய் நம்மைவிட ஒன்றரை மணித்தியாலம் பின்னால். ரொறன்ரோ கோடையில் ஒன்பதரையும் குளிர்காலத்தில் பத்தரையும் பின்னால். உதாரணமாக, ஜூலையில் இரவு 10 மணிக்குக் கட்டுநாயக்காவில் புறப்பட்டு, டுபாய் வழியாக மறுநாள் காலை 9.30க்கு ரொறன்ரோவில் இறங்குகிறீர்கள். பார்வைக்குப் பதினொன்றரை மணித்தியாலம். அந்த 9.30 கொழும்பில் மாலை 7 மணி. உண்மையான பயணம் 21 மணித்தியாலம்.

5. காத்திருப்பைப் பிரித்தெடுங்கள்
21இல் பறக்கும் பதினெட்டரையைக் கழித்தால், டுபாயில் இரண்டரை மிஞ்சும். பயணங்களுக்குள் பெரிய வித்தியாசம் வருவது இங்கேதான். வயதானவர்கள் தனியாகப் போனால் ஒரு மணித்தியால இடைவெளியைத் தவிருங்கள். முதல் விமானம் பிந்தினால் அடுத்ததைப் பிடிப்பது கஷ்டம். இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும்.

6. வீட்டிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்
விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னதாக நிலையத்தில் நிற்க வேண்டும். கொட்டாஞ்சேனைக்காரருக்குப் பேலியகொடைப் பக்கம் அதிவேக நெடுஞ்சாலை கிட்ட. வெள்ளவத்தையிலிருந்து புறப்படுபவர் நகரத்தைக் கடந்துதான் அதில் ஏறலாம். மாலை நெரிசல் என்றால் கூடுதலாக ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

7. திகதியைச் சரிபாருங்கள்
டிக்கெட்டில் 15ஆம் திகதி அதிகாலை 2.55 என்றிருந்தால், 14ஆம் திகதி இரவே வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டும். கூட்டிப்போக வரும் பிள்ளைக்கு ரொறன்ரோ திகதியையும் நேரத்தையும் மட்டும் அனுப்புங்கள்.