பட்டுக் கரையும் பைத்தானும்: பழைய மடிக்கணினியில் ஒரு புதுப் பாடம்

உங்க வீட்டுப் பீரோ மேல் பழைய மடிக்கணினி ஒன்று தூசி படிந்து கிடக்கிறதா? தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதில் வந்த கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய இந்திய இயங்குதளம் அது. படிப்பு முடிந்ததும் பல வீடுகளில் அந்தக் கணினி சினிமா பார்க்கும் பெட்டியாகிவிட்டது. அதையே உங்க பிள்ளைக்கு ஒரு பயிற்சிப் பட்டறையாக மாற்றலாம்.

அட்டையில் இருந்த நிரல்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் தறிச் சத்தம் கேட்டவர்களுக்கு ஜக்கார்டு பெட்டி புதிதல்ல. அட்டையில் ஓட்டை இருந்தால் அந்தப் பாவு இழை மேலே எழும்பும். இல்லாவிட்டால் அப்படியே இருக்கும். கரையில் அன்னமும் யாளியும் வருவது இந்த ‘உண்டு, இல்லை’ கணக்கில்தான். கணினியின் 1, 0 கணக்கும் இதேதான். பிரான்ஸில் 1804-இல் ஜக்கார்டு தறி வந்தது. அந்த அட்டையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கும் துளை அட்டையைத் திட்டமிட்டார். இன்றைய எலக்ட்ரானிக் ஜக்கார்டில் அட்டைக்குப் பதில் கணினிக் கோப்பு.

ஆக, படம் வரைவதும் நிரல் எழுதுவதும் நம்ம ஊரில் ஒரே தொழிலின் இரண்டு பக்கம். கற்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒரே கணினியில் கிடைக்க வேண்டாமா?

என்ன தேவை?

‘உபுண்டு ஸ்டூடியோ’ என்பது படம், ஒலி, வீடியோ வேலைக்கென்றே 2007 முதல் வெளிவரும் இலவச இயங்குதளம். படம் வரைய இங்க்ஸ்கேப், போட்டோ திருத்த கிம்ப், ஒலிக்கு ஆடாசிட்டி எல்லாம் இதில் பயன்படுத்தலாம். நிரல் கற்க ‘தானி’ என்ற சிறு செயலியை மட்டும் மென்பொருள் கடைப் பகுதியில் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். பைத்தான் மொழி பழக எளிமையான இடம் அது.

தொடங்கும் முன் மூன்று விஷயம்:

1. சான்றிதழ், குடும்பப் போட்டோ எல்லாவற்றையும் முதலில் வேறு இடத்தில் நகல் எடுங்கள். நிறுவும்போது ஒரு தவறான கிளிக் போதும், அத்தனையும் அழிந்துவிடும்.

2. கணினியின் ரேம் எவ்வளவு என்று பாருங்கள். 4 ஜிபிக்குக் குறைவென்றால் உபுண்டு ஸ்டூடியோ திணறும். இருக்கும் இயங்குதளத்திலேயே இங்க்ஸ்கேப்பையும் தானியையும் மட்டும் போட்டுப் பாருங்கள்.

3. உடனே நிறுவ வேண்டாம். 16 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். இப்படி ஓட்டும்போது செய்த வேலை, கணினியை அணைத்தால் போய்விடும். சேமிக்க இன்னொரு பென்டிரைவ் வேண்டும்.

இவை எல்லாமே இலவசம். ‘லைசென்ஸ் கட்டணம்’ என்று யாராவது கேட்டால் கொடுக்காதீங்க.

முதல் பாடம்: படத்துக்குள் எட்டிப் பார்ப்பது

இங்க்ஸ்கேப்பில் ஒரே ஒரு கட்டம் வரைந்து சேமியுங்கள். அந்தக் கோப்பை எழுத்துத் திருத்தியில் திறங்கள். படம் இருக்காது, எழுத்துகள்தான் இருக்கும்! அதில் கட்டத்தின் அகலத்துக்கான எண்ணைத் தேடி, அதை இரண்டு மடங்காக்கிச் சேமித்து, மறுபடி இங்க்ஸ்கேப்பில் திறந்தால் கட்டம் அகன்றிருக்கும். மவுஸைத் தொடாமலே படம் மாறியது, இல்லையா? நிரலாக்கத்தின் வாசற்படி இதுதான்.

இரண்டாம் பாடம்: டெம்பிள் பார்டர்

பைத்தானோடு ‘டர்ட்டில்’ என்ற ஆமை வரும். சொன்ன வழியில் நடந்து கோடு போடும். அதற்கு இப்படிச் சொல்லுங்கள்:

• 30 புள்ளி முன்னால் போ, 120 டிகிரி இடப்பக்கம் திரும்பு. இதை 3 முறை செய். ஒரு முக்கோணம் வரும்.
• பிறகு 30 புள்ளி முன்னால் போ.
• இவை இரண்டையும் சேர்த்து 10 முறை செய்.

வரிசையாகப் பத்துக் கோபுரம்! 30-ஐ 15 ஆகவும், 10-ஐ 20 ஆகவும் மாற்றுங்கள். கரையின் நீளம் மாறாது, கோபுரங்கள் மட்டும் சிறிதாகும். கையால் என்றால் மறுபடி முதலிலிருந்து வரைய வேண்டும். இங்கே இரண்டு எண்ணைத்தான் மாற்றினோம்.

ஆங்கிலக் கட்டளைகள் பிள்ளையை மிரட்டுகிறதா? பைத்தானை அடிப்படையாகக் கொண்டு தமிழ்ச் சொற்களாலேயே எழுதும் ‘எழில்’ என்ற நிரல்மொழியும் இருக்கிறது.

தறியில் உட்காரும் அப்பாவுக்கு எந்த இழை எங்கே எழும்ப வேண்டும் என்பது தெரியும். பிள்ளைக்குக் கணினி தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் இருவரும் சேர்ந்து உட்காருங்கள். யார் யாருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று நீங்களே பாருங்கள்.