அமைதியான ஆட்டம், அயராத யோசனை

கேள்வி: லாரி புக்கிங் ஆபீஸில் பகலெல்லாம் போனோடு மல்லுக்கட்டுகிறேன். இரவில் மனத்துக்குச் சாந்தியும் மூளைக்குக் கொஞ்சம் வேலையும் தரும் வீடியோ கேம் ஏதேனும் உண்டா?
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: நியூஸிலாந்தில் சிறு குழுவொன்று உருவாக்கி 2015-இல் வெளியிட்ட ‘மினி மெட்ரோ’வைச் சிபாரிசு செய்கிறேன். வெறும் வெளிர்ப் பரப்பில் வட்டமும் முக்கோணமும் சதுரமுமாக ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாய் முளைக்க, அவற்றை வர்ணக் கோடுகளால் இணைத்து, முக்கோணப் பிரயாணியை முக்கோண ஸ்டேஷனிலும் சதுரப் பிரயாணியைச் சதுர ஸ்டேஷனிலும் கொண்டுபோய்ச் சேர்ப்பதே நம் உத்தியோகம். வெடிச் சத்தமில்லை, ரத்தமில்லை, ரயில்களின் ஓட்டமே மிருதுவான சங்கீதமாகிறது. ஆயினும், வாரத்துக்கொன்றாகக் கிடைக்கும் எஞ்சினையும், நதியைக் கடப்பதற்கென்று எண்ணிக் கொடுக்கப்படும் சுரங்கங்களையும் வைத்துக்கொண்டு எவ்வளவு சாமர்த்தியமாக நிர்வகித்தாலும், நகரம் விரியும் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாமல், ஏதோ ஒரு ஸ்டேஷன் தீபாவளிக்கு முந்தைய இரவின் சேலம் பஸ் ஸ்டாண்டைப் போல் பிதுங்கும் தருணத்தில் ஆட்டம் முடிந்துவிடுகிறது. தோல்வி நிச்சயம், எத்தனை பேரை அனுப்பிவைத்தோம் என்பதே கணக்கு. (லோடு பிடித்துத் தரும் தங்களுக்கு இந்த வித்தையைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.)

தமிழ் மணம் வேண்டுமானால், டொரான்டோவிலிருந்து 2023-இல் வந்த ‘வெண்பா’ இருக்கிறது. கனடாவில் குடியேறிய தாயொருத்தி, கிழிந்த சமையற் குறிப்பேட்டைக்கொண்டு, இட்லித் தட்டுகளை எவ்வரிசையில் அடுக்குவதென்று நம்மை யூகிக்க வைக்கிறாள். ரசமானது, ஆனால் சவால் சொற்பம், சீக்கிரம் முடிந்தும் போகும்.

ஆகவே முதலில் மினி மெட்ரோவையே, தோல்வியே இல்லாத ‘எண்ட்லெஸ்’ முறையில் ஆடிப் பழகுங்கள். இரவு பதினொன்றுக்குமேல் மட்டும் தொடங்காதீர்கள்.