நத்தார் பாப்பாவுக்கு ஒரு சட்டத்தரணி

கண்டி

அன்புள்ள மருமகளுக்கு,

இந்த முறை உங்கள் பாடசாலை ஒளிவிழாவில் வழக்காடு மன்றம் வைக்கிறார்கள் என்று உன் அம்மா சொன்னார். எதிரிக் கூண்டில் நிற்பவர் நத்தார் பாப்பா, அவருக்காகப் பேசுவது நீ. நீ எழுதி அனுப்பிய இரண்டு பக்கத்தையும் வாசித்தேன். தமிழ் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் "அவர் நல்லவர், ஆகவே நிரபராதி" என்பதை வைத்து எந்த நீதவானையும் அசைக்க முடியாது, பிள்ளை. நல்லவர்களும் சட்டத்தை மீறியதுண்டு. அன்றிரவு அவர் என்ன செய்தார், என்ன எண்ணத்தோடு செய்தார் என்ற இரண்டையும் பிடித்துக்கொண்டு பேச வேண்டும்.

இதை விளையாட்டென்று எண்ணிவிடாதே. 1951 டிசம்பர் 23ஆம் திகதி பிரான்சின் டிஜோன் நகரத்தில், பேராலயத்தின் வாசலில், பாதிரியார்களின் சம்மதத்தோடு நத்தார் பாப்பாவின் உருவத்தைத் தூக்கிலிட்டு எரித்தார்கள். சிறுபிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். கிறிஸ்து பிறப்புத் திருநாளை அபகரித்தவர், சமய விரோதி என்பவை அவர் மீதான குற்றச்சாட்டுகள். மானிடவியலாளர் லெவி ஸ்ட்ரோஸ் அடுத்த ஆண்டே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எனக்கு அந்தச் சம்பவத்தில் உறுத்துவது ஒன்றுதான்: தண்டனை இருந்தது, எதிரிக்காகப் பேச ஒருவர் இருக்கவில்லை. உங்கள் மேடையில் அந்த இடத்தை நிரப்ப உன்னை நிறுத்தியிருக்கிறார்கள்.

உங்கள் மன்றத்தில் முதல் குற்றச்சாட்டு, இரவில் அடுத்தவர் வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்தது. நமது தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம். அதன் 427ஆம் பிரிவை நீயே எடுத்து வாசி. அடுத்தவர் வசமுள்ள இடத்துக்குள் காலை வைத்தால் மட்டும் அது குற்றமாகிவிடாது. ஒரு குற்றத்தைச் செய்யும் எண்ணத்தோடு, அல்லது அங்கிருப்பவரைப் பயமுறுத்த, அவமதிக்க, தொந்தரவு செய்ய என்று நுழைந்திருக்க வேண்டும்.

வழக்குத் தொடுத்த தரப்பு சும்மா இருக்காது. "நடுச்சாமத்தில் கூரையில் சத்தம் கேட்டால் வீட்டுக்காரர் பதறுவார் என்று அவருக்குத் தெரியாதா?" என்று கேட்கும். நல்ல கேள்வி. அதற்கான பதில் நம் மலையகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒரு தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அங்கிருந்தவர்களை வெளியேறச் சொல்லி அறிவித்தல் கொடுத்தார்கள். செல்வநாயகம் என்ற தொழிலாளி போகவில்லை. அத்துமீறல் என்று வழக்குப் போட்டார்கள். அது லண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சில் வரை போய் 1950இல் தீர்ப்பானது. தன் செயலால் மற்றவருக்குத் தொந்தரவு வரும் என்று ஒருவருக்குத் தெரிந்திருந்தாலும் அது போதாது, அவருடைய மேலோங்கிய நோக்கமே தொந்தரவு செய்வதாக இருக்க வேண்டும் என்றார்கள் நீதியரசர்கள். வாழ்ந்த இடத்திலேயே வாழவேண்டும் என்பதுதான் அந்த மனிதரின் நோக்கம். குற்றச்சாட்டு நிற்கவில்லை.

ஆண்டைக் கவனி. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மலையக மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. வாக்குரிமையும் பறிபோன நேரம். அப்படிப்பட்ட காலத்தில் லயன் காம்பராவில் இருந்த ஒரு மனிதரின் வழக்கில் பிறந்த விதியை இந்திய நீதிமன்றங்களும் எடுத்துக்காட்டுகின்றன. செல்வநாயகம் என்ற அந்தப் பெயரை மன்றத்தில் நிமிர்ந்து நின்று சொல். அதே விதிப்படி பார்த்தால், நத்தார் பாப்பாவின் மேலோங்கிய நோக்கம் ஒரு பொம்மையை வைத்துவிட்டுப் போவது.

இரண்டாவது குற்றச்சாட்டு, முறைப்படி அல்லாமல் நாட்டுக்குள் வந்தது; மூன்றாவது, சுங்கத்துக்கு அறிவிக்காமல் பொருள் கொண்டுவந்தது. இவற்றில் உனக்கு அவ்வளவு இடமில்லை. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டப்படி வெளிநாட்டவர் அங்கீகரிக்கப்பட்ட துறைமுகம் அல்லது விமான நிலையம் வழியாகத்தான் வரவேண்டும். இங்கே கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டுக் கூரை மீது நேரே இறங்க முடியாது. 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டமோ, முறைப்படி அறிவிக்காமல் கொண்டுவந்த பொருளைப் பறிமுதல் செய்யும்போது கொண்டுவந்தவரின் நல்ல மனதைப் பெரிதாகப் பார்க்காது. இவற்றை மறுத்து மல்லுக்கட்டாதே. ஒப்புக்கொண்டு, தண்டனையைக் குறைக்கும்படி கேள். தோற்கும் இடத்தில் நேர்மையாக இருக்கிற சட்டத்தரணியை வெல்லும் இடத்தில் நீதவான் நம்புவார்.

இனி அன்பளிப்பு. பிள்ளை நித்திரையாக இருந்ததால் அதை ஏற்கவில்லை, ஆகவே அது செல்லாது என்று ஒரு வாதம் வரலாம். உரோமன் டச்சுச் சட்டத்தில் அன்பளிப்புக்கு ஏற்பு தேவை என்பது உண்மைதான். காணி உறுதிகளில் சிறுபிள்ளைக்காக ஒரு மாமாவோ பாட்டியோ ஏற்றுக் கையெழுத்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். பொம்மைக்கு உறுதி வேண்டியதில்லை. காலையில் பிள்ளை அதைக் கையில் எடுத்தால், பெற்றோரும் தடுக்காவிட்டால், ஏற்பு முடிந்தது.

கொடுத்ததை அவர் திருப்பிக் கேட்கலாமா? கண்டியில் இருந்துகொண்டு இதைத் தெரியாமல் இருக்கக்கூடாது. 1938ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கண்டியச் சட்டக் கட்டளையின்படி, அன்பளிப்பாகக் கொடுத்த காணியையோ வீட்டையோ கொடுத்தவர் தன் ஆயுள்காலத்தில், வாங்கியவரின் சம்மதமின்றியே, மீளப்பெறலாம். விதிவிலக்குகள் உண்டு. விகாரைக்குக் கொடுத்ததையும், மீளப்பெறும் உரிமையை வெளிப்படையாகக் கைவிட்டுக் கொடுத்ததையும் திரும்ப எடுக்க முடியாது. முதலில் கேட்கும்போது இது அநியாயமாகப் படும். அந்த உறுதிகள் எழுதப்படுவது எதற்கென்று பார்த்தால் புரியும். வயதான ஒருவர், கடைசிக் காலத்தில் தன்னைப் பராமரிக்கிறவருக்கு வயலை எழுதிவைப்பார். வயலை வாங்கிக்கொண்டு ஒரு வாய் கஞ்சி ஊற்றாதவரிடமிருந்து தப்ப அவருக்கு ஒரு வழி வேண்டாமா? கொடுத்தவரின் முதுமையைக் காக்கிற அந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் அது கண்டியச் சிங்களவர்களுக்கு மட்டும், அசையா ஆதனத்துக்கு மட்டும் உரியது. கண்டி நகரத்தில் வாழ்ந்தாலும் நமக்கு அது பொருந்தாது. ஆகவே, "குழப்படி செய்தால் நத்தார் பாப்பா பொம்மையைத் திருப்பி எடுப்பார்" என்று யாராவது சின்னவர்களை வெருட்டினால், சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று நீ தைரியமாகச் சொல்லலாம்.

வீட்டுக்காரர் சாட்சியாக வரும்போது நீண்ட பிரசங்கம் வேண்டாம். மூன்று கேள்வி மட்டும் கேள். வீட்டிலிருந்து ஏதாவது காணாமல் போனதா? யாரையாவது எழுப்பினாரா, மிரட்டினாரா? அந்தப் பொதி இப்போது யாரிடம் இருக்கிறது? மூன்றாவது பதில் வந்தவுடன் உட்கார்ந்துவிடு. திருத்திய வாதத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அனுப்பு, வாசித்துத் தருகிறேன்.

அன்புடன்,
மாமா